தரைக்கு ஒரு முழம் மேலே

அப்பா இந்தக் காரில் ஏறவில்லை, இறங்கினார். இடது பக்கக் கதவைத் திறந்து உள்ளே கொஞ்ச நேரம் பார்த்தார். கூரை விளிம்பைப் பிடித்தார், முட்டியை மடக்கினார், கடைசி அரையடியைத் தொப்பென்று விழுந்துதான் கடந்தார். மூச்சு வாங்கியபின், "என்ன கண்ணு, பாய்ல உக்காந்தாப்ல இருக்குது" என்றார்.

நாமக்கல்லில் முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். அதில் பாதிக்கு மேல் கேஸ் டேங்கர். ரோட்டை எப்போதும் மேலிருந்தே பார்த்துப் பழகிய கண். டோக்கியோ நிஷிகசாயில் எங்கள் வீட்டுப் பக்கத்து சிக்னலில் நின்றபோது, வலது பக்கம் ஒரு சரக்கு லாரி வந்து நின்றது. என் ஜன்னலுக்கு நேரே அதன் சக்கர நட்டுகள். அப்பா குனிந்து, என்னைத் தாண்டிப் பார்த்து, ஒவ்வொன்றாக எண்ணினார். "எல்லாம் டைட்டாத்தான் இருக்குது" என்றார்.

கார், டொயோட்டா ஜிஆர் 86. என்னுடையது இல்லை, வாடகைக்கு எடுத்தது. வசந்தத்தில் ஒரு தடவை, இலையுதிர் காலத்தில் ஒரு தடவை, ஒரு நாளைக்கு மட்டும் எடுப்பேன். போட்டோவை வாட்ஸ்அப்பில் போட்டதும் சேலத்து மச்சான் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம். "ரெண்டே கதவு. பின்னாடி சீட்டுல பூனைதான் உக்காரும். டிக்கில ரெண்டு அரிசி மூட்டை வெச்சா நெம்பிரும். மலைக்குப் போறதுன்னா பெரிய வண்டியா எடுக்கறதுதானுங்க மாமா? இதுல அப்படி என்ன இருக்குது?"

வாட்ஸ்அப்பில் பதில் தட்டினால் கட்டைவிரல் தேய்ந்துவிடும். அதனால் இங்கே.

மச்சானுக்குப் புரிய வேண்டும் என்றால் ஆர்எக்ஸ் 100-இல் இருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் சித்தப்பாவிடம் ஒன்று இருந்தது. 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோ சொச்சம். இன்றைக்கு ஷோரூமில் நிற்கிற எந்த 150 சிசி பைக்கும் காகிதத்தில் அதைவிடப் பெரியது. ஆனால் ஓட்டினவர்களைக் கேளுங்கள், முகமே மாறிவிடும். முறுக்கின நொடியே வண்டி கிளம்பும், கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே யாரும் நிற்க மாட்டார்கள். 1996-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டியை இன்னும் தேடிப் பிடித்து, என்ஜினைப் பிரித்து மாட்டி, புது பைக் விலைக்கு வாங்குகிறார்கள். 11 குதிரைக்காக யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். அந்த 11 குதிரைக்கு இழுக்க வேண்டிய பாரம் ஒன்றும் பெரிதாக இல்லை. சங்கதி அங்கேதான் இருக்கிறது.

ஜிஆர் 86-இல் 2,387 சிசி என்ஜின், 235 குதிரைத்திறன். எடை 1,270 கிலோ. நீளத்தில் க்ரெட்டாவைவிடச் சற்றுக் குட்டை, உயரத்தில் ஓரடிக்கு மேல் தாழ்வு. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 6.3 விநாடி. இந்தக் கடைசி எண்ணைச் சொல்லி இன்றைக்கு யாரையும் மிரட்ட முடியாது. நாலு பேரும் பெட்டி படுக்கையுமாகப் போகிற மின்சாரக் கார்கள் சத்தமில்லாமல் இதை முந்திவிடும். எனக்கு அதில் வருத்தமே இல்லை. நேர் ரோட்டில் பாய்வதற்கு ஒரு ஓட்டுநர் எதற்கு?

இதன் என்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாதாரணக் கார்களில் பிஸ்டன்கள் நின்றபடி மேலும் கீழும் ஓடும். இதில் நாலும் படுத்துக்கொண்டு, பக்கத்துக்கு இரண்டாக, குத்துச்சண்டைக்காரர்கள் கை நீட்டுவதுபோல எதிரெதிரே ஓடுகின்றன. பாக்ஸர் என்ஜின் என்று பெயர். சுபாரு 1966 முதல் இந்த வகையைச் செய்துவருகிறது. நின்றவனைத் தள்ளுவது சுலபம், படுத்தவனைச் சாய்க்க முடியாது என்பதுதான் இதன் கணக்கு. காரில் இருப்பதிலேயே கனமான பொருள் தரையோடு தரையாகக் கிடப்பதால், வளைவில் வண்டி ஒரு பக்கம் சரிய மறுக்கிறது. பெயரில் டொயோட்டா, வயிற்றில் சுபாரு. 2012-இல் வந்த முதல் 86-ம் அப்படித்தான். தலைமைப் பொறியாளர் தெத்சுயா தாதா டொயோட்டாக்காரர், ஆனால் கார் தயாரானது குன்மா மாநிலத்தில் ஓட்டா நகரத்து சுபாரு ஆலையில். ஒரு காலத்தில் நாகாஜிமா என்ற விமானக் கம்பெனி இருந்த ஊர் அது. சுபாருவின் வேர் அங்கிருந்துதான். ஜிஆர் 86-ம் அந்த ஓட்டாவில்தான் பிறக்கிறது.

86 என்ற எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. 1983-இல் டொயோட்டா, கொரோலா குடும்பத்தில் ஒரு சின்ன கூபே விட்டது. கம்பெனிக் குறியீடு ஏஇ86. 1,600 சிசி, 130 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. மற்ற கொரோலாக்கள் பெரும்பாலும் முன்சக்கரம் இழுக்கும் வண்டியாக மாறிய சமயத்தில், இது பழைய முறையில் பின்சக்கரம் தள்ளுகிற வண்டியாகவே இருந்தது. விலை குறைவு, எடை குறைவு, வால் தளர்வு. மலைப்பாதையில் இளவட்டங்கள் இதை வைத்துக்கொண்டு ஆடின ஆட்டத்தில்தான் கெய்ச்சி த்சுச்சியா போன்ற டிரிஃப்ட் மன்னர்கள் பேர் வாங்கினார்கள். ஜப்பானியர்கள் செல்லமாக 'ஹாச்சிரோகு' என்பார்கள், எட்டு ஆறு. 1995-இல் ஷூயிச்சி ஷிகெனோ 'இனிஷியல் டி' என்ற மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) தொடரை ஆரம்பித்ததும் எட்டு ஆறு உலகப் பிரசித்தம் ஆனது. டோஃபு கடைக்காரர் மகன் ஒருவன், அதிகாலையில் மலைமேல் இருக்கிற ஓட்டலுக்கு டோஃபு கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவான். அப்படி ஓட்டி ஓட்டியே எவனும் ஜெயிக்க முடியாத ஓட்டுநர் ஆகிவிடுவான். கதையில் அந்த மலைக்கு அகினா என்று பெயர். நிஜத்தில் அது ஹருனா மலை. அதுவும் இதே குன்மாவில்தான் இருக்கிறது. கார் பிறக்கிற மாநிலத்திலேயே அது விளையாடின மலையும் இருப்பது எனக்கு ஏனோ பிடித்த விஷயம்.

போன நவம்பரில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு அங்கேதான் போனேன்.

கான்எட்சு நெடுஞ்சாலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நெடுஞ்சாலையில் இது நல்ல கார் கிடையாது. டயர் சத்தம் உள்ளே வரும், ரோட்டில் போட்ட ஒவ்வொரு ஒட்டும் முதுகில் தெரியும். அப்பா கொஞ்ச நேரம், "நம்மூரு மாதிரியே எடது பக்கம் ஓட்டறாங்க, ஆனா ஒருத்தனும் ஆரன் அடிக்கலயே" என்று ஆச்சரியப்பட்டுவிட்டுத் தூங்கிப்போனார். ஷிபுகாவா வெளிவாசலில் இறங்கி, மிசுசாவா பக்கம் ஊதோன் சாப்பிட்டோம். அந்தப் பகுதியில் பேர்போன சாப்பாடு. அப்பாவின் தீர்ப்பு: "இடியாப்பத்தத் திரிச்சுக் கயிறு பண்ணிருக்காங்க." பக்கத்திலேயே பொம்மைகளுக்கும் பழைய கார்களுக்குமாக ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே அந்த டோஃபு கடை முகப்பை அப்படியே நிறுத்தி, எதிரே ஒரு பழைய எட்டு ஆறை வைத்திருக்கிறார்கள். அப்பா காரைவிடக் கடை போர்டைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

இக்காஹோ வெந்நீர் ஊற்று ஊரைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பம். மேலே ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் ஹருனா ஏரி.

முதல் கொண்டை ஊசி வளைவு. நேராகப் போகும்போதே பிரேக். அதைத் தொட்டதும் காரின் எடை முன்பக்கம் வந்து உட்காருகிறது. இது சாதாரணமாக எந்தக் காரிலும் நடப்பதுதான், ஆனால் பெரிய காரில் நமக்குத் தெரியாது. இதில் ஸ்டியரிங் திடீரென்று உள்ளங்கையில் கனக்கும். முன் டயர் இரண்டும் ரோட்டைக் கவ்விவிட்டன என்று கை சொல்லும். அப்போது கிளட்ச், பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலேட்டரை ஒரு தட்டு, மூன்றிலிருந்து இரண்டு. கியர் ராடின் பயணம் நாலு விரல் அகலம்தான் இருக்கும், 'டக்' என்று விழும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் மூக்கு உடனே உள்ளே போகிறது. வளைவின் நடுவே ஒரு கணம் எதுவும் செய்யாமல் விட வேண்டும். பிறகு மெல்ல மிதித்தால், இடுப்புக்குக் கீழே பின்சக்கரங்கள் குந்தி உட்கார்ந்து தள்ளுவது தெரியும். காதுக்கோ கண்ணுக்கோ தெரிவதற்கு முன்னால் உட்காருகிற இடத்துக்குத் தெரிந்துவிடும். தரைக்கு ஒரு முழம் மேலே உட்கார்ந்தால் கிடைக்கிற லாபம் இதுதான்.

முன்சக்கரம் இழுக்கிற காரில் இந்த சுகம் கொஞ்சம் குறைவு. அங்கே திருப்புவதும் அதே சக்கரம், இழுப்பதும் அதே சக்கரம். ஒருவனே மேளமும் நாதஸ்வரமும் வாசிக்க வேண்டும். இங்கே முன்னே இருப்பவன் திருப்புகிறான், பின்னே இருப்பவன் தள்ளுகிறான், நடுவே நாம் தாளம் போடுகிறோம்.

டயர் விஷயமும் இருக்கிறது. 2012-இல் முதல் 86 வந்தபோது, அதில் போட்டிருந்த டயரைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். அகலம் வெறும் 215 மில்லிமீட்டர், அதுவும் சிக்கனத்துக்குப் பேர்போன ப்ரியஸ் காரில் போடுகிற ரகம். கஞ்சத்தனம் என்றார்கள். வேண்டுமென்றே செய்தது அது. டயர் பிடி குறைவாக இருந்தால், கார் தன் எல்லையைக் குறைந்த வேகத்திலேயே தொட்டுவிடும். நூற்றிருபதில் கிடைக்கிற ஆட்டத்தை ஐம்பதில் கொடுத்துவிடும். இப்போதைய காரிலும் டயர் அகலம் 215 தான்.

மச்சான், உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். மலைப்பாதையில் சட்டப்படி 40, 50-க்கு மேல் போக முடியாது, போகவும் கூடாது. அந்த 40-இல் ஓட்டுகிறவனுக்கு முழு வேலை கொடுக்கிற வண்டி இது. இரண்டாம் கியரில் என்ஜின் பாடும், கை கால் கண் மூன்றும் ஓய்வில்லாமல் இருக்கும், முள்ளைப் பார்த்தால் 45-இல் நிற்கும்.

இதற்கு நேர்மாறையும் ஒரு தடவை அனுபவித்தேன். யோகோஹாமா நண்பர் ஒருவர் தன் பிஎம்டபிள்யூ எம்2-வை அரைமணி நேரம் கையில் கொடுத்தார். அதுவும் சின்ன கூபேதான், பெயருக்கு. 460 குதிரைத்திறன், எடை 1,700 கிலோ. அபாரமான வண்டி. இரண்டாம் கியரில் நன்றாக ஒரு மிதி மிதித்தேன், வயிறு முதுகோடு ஒட்டியது, அதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது. கால் எடுத்தேன். அரைமணி நேரமும் இதேதான். கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லாப் பலகாரமும் இலையில் விழுந்தபின் "கிளம்பலாமா" என்று யாரோ கையைப் பிடித்து இழுத்ததுபோல இருந்தது. அந்த வண்டியை முழுசாக ஓட்ட வேண்டும் என்றால் பந்தயத் தளத்துக்குத்தான் போக வேண்டும்.

அதற்காக 86 அப்பழுக்கில்லாத வண்டி என்று சொல்ல மாட்டேன். பழைய 86-இல் 3,500 சுற்றிலிருந்து 4,500 வரை என்ஜின் சோர்ந்துபோகும். மேட்டில் சரியாக அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். புதியதில் என்ஜினைப் பெரிதாக்கி அதைச் சரிசெய்துவிட்டார்கள், 3,700 சுற்றிலேயே முழு இழுவை வந்துவிடுகிறது. புதியதில் எனக்குப் பிடிக்காதது சத்தம். என்ஜின் சத்தத்தைக் கூட்டிக்காட்ட ஸ்பீக்கர் வழியாகக் கொஞ்சம் சேர்க்கிறார்கள். அப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவேயில்லை. "இஞ்சின் சத்தத்தக் கேட்டுத்தான் கண்ணு கியரு மாத்தறது. அதுலயுமா கலப்படம்?" அவர் சொன்னபிறகு எனக்கும் அந்தச் சத்தம் முன்போல இனிக்கவில்லை.

ஏரிக்குப் போகும் வழியில் ரோட்டில் வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருக்கிற ஒரு இடம் வரும். சொன்ன வேகத்தில் போனால் டயர் உரசி ஒரு பாட்டு கேட்கும். தாண்டினதும் அப்பா, "திருப்பி ஒருக்கா போலாமா" என்றார். போனோம்.

இறக்கத்தில்தான் வினை. நவம்பர் என்பதால் ரோட்டோரமெல்லாம் ஈர இலை. ஒரு இடது வளைவில், நிழல் விழுந்த இடத்தில், நான் அரைக் கணம் முந்தி ஆக்சிலேட்டரைத் தொட்டுவிட்டேன். வால் ஓரடி வெளியே நழுவியது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு இரண்டு தடவை சிமிட்டியது. நான் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப நினைப்பதற்குள் கார் தானே பிரேக் பிடித்து நேராகிவிட்டது. எல்லாம் ஒரு விநாடிக்குள் முடிந்தது. ஆனால் கை நடுக்கம் அடங்க அடுத்த மூன்று வளைவு ஆனது. அந்த மின்னணு உதவியை அணைத்துவிட்டு ஓட்டுவதுதான் வீரம் என்று பேசுகிறவர்கள் உண்டு. பொது ரோட்டில் அதற்குப் பேர் வேறு.

அப்பா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முன்னால் பார்த்தபடியே, "டேங்கர்ல சரக்கு ஆடும் கண்ணு" என்றார். "பிரேக் அடிச்சா வண்டி நின்னுரும், உள்ள இருக்கறது நிக்காது. பொறவு வந்து ஒரு தள்ளு தள்ளும். அது வந்து சேர்ற வரைக்கும் கால அசைக்கக் கூடாது. நீ அதுக்குள்ள மிதிச்சுப் போட்ட."

அந்த மாங்காவில் பையனுடைய அப்பா, கார் கப் ஹோல்டரில் தண்ணீர் நிரம்பிய ஒரு பேப்பர் கப்பை வைத்து, சிந்தாமல் ஓட்டச் சொல்வார். இரண்டு வருஷம் முன்னால் தனியாக வந்தபோது நானும் அதை முயன்று பார்த்தேன். இரண்டாவது வளைவிலேயே பேன்ட் நனைந்தது. வேகம் முப்பதுகூட இருக்காது. திருப்பும்போது சிந்தவில்லை, பிரேக்கிலிருந்து காலை எடுத்தபோதுதான் சிந்தியது. ஏன் என்று அன்றைக்குப் புரியவில்லை. நம்ம வீட்டிலேயே பதினெட்டு டன் திரவத்தோடு ஊர் ஊராகப் போய்வந்த ஆள் இருக்கும்போது, நான் அதைக் கார்ட்டூன் புத்தகத்தில் தேடியிருக்கிறேன்.

கீழே வரும்வரை மூன்றாம் கியரைவிட மேலே போகவில்லை. பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டேன். கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி, எத்தனையோ தடவை லாரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இறங்கியிருக்கிறேன். ஏறின கியரிலேயே இறங்கு என்று எனக்குப் பத்து வயதில் சொன்னவர். அடிவாரத்தில் ஒரு தானியங்கி டீ இயந்திரத்துக்கு முன்னால் நிறுத்தினேன். பிரேக் வாசனை வருகிறதா என்று சக்கரத்துப் பக்கம் குனிந்து மோந்து பார்த்தார். வரவில்லை. "செரி" என்றார்.

இதை வாங்கினால் என்ன என்று மனைவியிடம் வருஷத்துக்கு ஒரு தடவை பேச்செடுப்பேன். புதுசு சுமார் முப்பது லட்சம் யென் முதல் ஆரம்பம். நம்ம ஊர்க் காசில் அந்த விலைக்கு ஒரு சுமாரான எஸ்யூவி வரும். 86-ஐ இந்தியாவில் விற்பதே இல்லை. ஆனால் நிஷிகசாயில் பார்க்கிங்குக்கு மாதாமாதம் வாடகை, பின்சீட்டில் குழந்தை இருக்கையை மாட்டினால் முன்சீட்டுக்காரர் டாஷ்போர்டில் முழங்காலை இடிக்க வேண்டும், ஸ்டேஷனோ நடக்கிற தூரம். மூன்றும் நியாயம்தான். ஒரு ஆளுக்காகச் செய்த கார் இது. நாலு பேர் வாழ்கிற வீட்டுக்குள் இதைக் கொண்டுவந்தால், மற்ற மூன்று பேரின் இடத்தையும் எடுத்துக்கொள்ளும். வருஷத்துக்கு இரண்டு நாள் வாடகை போதும் என்பதில் எனக்கும் சம்மதம்தான், சம்பள நாளைத் தவிர.

சாயங்காலம் டேங்க் நிரப்பி, சாவியைக் கொடுத்துவிட்டு நடந்து வந்தோம். அப்பா தீர்ப்பு சொன்னார்: "வண்டி நல்ல வண்டிதான். லோடு ஏத்த முடியாது, அவ்வளவுதான்."

ஜப்பானுக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. சுற்றுலா வந்தால் ஊர் ஆர்டிஓவில் வாங்கின சர்வதேச லைசென்ஸே போதும், இந்தியாவில் கொடுப்பது இங்கே செல்லும். வேலைக்கு வந்தால் இங்கத்திய லைசென்ஸுக்கு மாற்ற வேண்டும், ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். நான் இரண்டு தடவை ஃபெயில். இரண்டும் இடது பக்கம் திரும்பும்போது தலையைத் திருப்பிப் பார்க்காததற்காக. ஆட்டோமேட்டிக்கில் ஓட்டிக் காட்டினால் சுலபம், ஆனால் அப்புறம் ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டலாம் என்று லைசென்ஸிலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். கியர் வண்டியைக் கேட்டு வாங்கி ஓட்டிக் காட்டுங்கள். கழுத்தை மட்டும் நன்றாகத் திருப்புங்கள்.